மீட்டருக்கு இந்தப் பக்கம்: பெங்களூரு வீடுகளின் தண்ணீர்க் கணக்கு

மண்டியா மாவட்டம் மளவள்ளி வட்டத்தில் தொரேகாடனஹள்ளி என்றொரு ஊர் இருக்கிறது. பெங்களூருக்காரர்கள் சுருக்கமாக டி.கே. ஹள்ளி என்பார்கள். காவிரித் தண்ணீர் அங்கே சுத்திகரிக்கப்படுகிறது. பிறகு ஹாரோஹள்ளி, தாதகுணி ஆகிய நிலையங்களில் மீண்டும் மீண்டும் தள்ளப்பட்டு, சுமார் 100 கிலோமீட்டர் கடந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏறி நகரத்துக்கு வந்து சேர்கிறது. ஆயிரம் லிட்டர் தண்ணீரை 500 மீட்டர் தூக்குவதற்கு ஏட்டுக் கணக்குப்படியே 1.36 யூனிட் மின்சாரம் வேண்டும். பம்ப்பிலும் குழாய் உராய்விலும் வீணாவதைச் சேர்த்தால் அது 2 யூனிட்டை நெருங்கும். இவ்வளவு பாடுபட்டு வரும் தண்ணீர் நம் வீட்டு வாசலில் உள்ள மீட்டரைத் தாண்டி சம்ப்புக்குள் விழுகிறது. அதற்கப்புறம் அது எங்கே போகிறது என்று அளப்பவர் யாருமில்லை. குடிநீர் வாரியத்தின் கணக்கு மீட்டரோடு முடிந்துவிடுகிறது. வீட்டைக் கட்டியவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்காரரோ குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா என்பதை மட்டும் பார்க்கிறார்.

2018 பிப்ரவரி 16 அன்று காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. குறைத்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 பெங்களூரின் குடிநீர்த் தேவைக்கென்று ஒதுக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், பெங்களூரில் ஒரு ஃப்ளஷ் டேங்க் ஒழுகும்போது ஒழுகுவது அந்தத் தண்ணீரும்தான். வீட்டுக் குழாய்ப் பராமரிப்பை வெறும் ரிப்பேர் வேலையாகப் பார்க்க என்னால் முடியாததற்குக் காரணம் இதுதான்.

இன்றைய பெங்களூரு வீட்டின் குழாய் அமைப்பு ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. ஏரிகளையும் கல்யாணி எனப்படும் படிக்குளங்களையும் கிணறுகளையும் நம்பியிருந்த ஊருக்கு 1896-ல் அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய் வழியே தண்ணீர் வந்தது. அதைச் செய்தவர் திவான் கே. சேஷாத்ரி ஐயர். 1933-ல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் சேர்ந்தது. 1964-ல் குடிநீர் வாரியம் அமைந்தது. 1974-ல் காவிரி முதல் கட்டத் தண்ணீர் வந்தது. 2012-க்குள் நான்கு கட்டங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு சுமார் 145 கோடி லிட்டர் ஆயிற்று. 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்ட ஐந்தாம் கட்டம், நகரோடு பிற்பாடு சேர்ந்த 110 கிராமங்களுக்கென 77.5 கோடி லிட்டரைக் கூட்டியது. தண்ணீர் கூடிக்கொண்டே வந்தாலும் ஊர் அதைவிட வேகமாக வளர்ந்தது. ஆகவே பல பகுதிகளுக்கு வாரத்தில் சில நாள், அதிலும் சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விடுவது வழக்கமாகிவிட்டது. விட்டுவிட்டு வரும் தண்ணீரைப் பிடித்துவைக்கத் தரைக்கடியில் சம்ப், அதை ஏற்ற மோட்டர், மொட்டை மாடியில் டேங்க், அங்கிருந்து தன் எடையில் இறங்கும் குழாய்கள். இந்த ஏற்பாட்டில் தண்ணீர் வெளியேறக்கூடிய இடங்கள் பல. அவற்றில் பெரும்பாலானவை கண்ணில் படாதவை.

முதலில் சம்ப்பைப் பார்ப்போம். கசிவைக் கண்டுபிடிக்க எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்வது உலகெங்கும் உள்ள அறிவுரை. தெருக்குழாயின் அழுத்தத்திலேயே வீட்டுக்குள் தண்ணீர் ஓடும் ஊர்களுக்கு அது சரி. இங்கே மீட்டர் சம்ப் வரையிலான கதையைத்தான் சொல்லும். சம்ப்பின் சுவரில் விரிசல் இருந்தால், விழுந்த தண்ணீர் மண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கும். மீட்டர் அதையும் நம் செலவாகவே எழுதும். இதற்கு வேறொரு சோதனை இருக்கிறது. செலவில்லாதது. இரவு படுக்கப் போகுமுன் தெருவிலிருந்து வரும் வால்வை மூடுங்கள். மோட்டர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். சம்ப் மூடியைத் திறந்து, தண்ணீர் மட்டம் இருக்கும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள், அல்லது ஒரு கம்பியைச் செங்குத்தாக இறக்கி ஈரம் பட்ட அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் மோட்டர் போடுவதற்குமுன் மறுபடி பாருங்கள். இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம் உள்ள சம்ப்பில் ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 40 லிட்டர் மண்ணுக்குப் போயிருக்கிறது என்று பொருள்.

மட்டம் இறங்குவதற்குப் பதிலாக ஏறியிருந்தால் விஷயம் அதைவிட மோசம். வெளியிலிருந்து ஏதோ உள்ளே வருகிறது. மழைக்காலத்தில் அது நிலத்தடி ஊற்றாக இருக்கலாம். சாக்கடை சேம்பர் பக்கத்தில் இருந்தால் அதன் கசிவாகவும் இருக்கலாம். 30-க்கு 40 அடி மனையில் சம்ப்பையும் சேம்பரையும் ஒரே காம்பவுண்டுச் சுவரோரமாக அமைத்திருக்கும் வீடுகள் ஏராளம். இந்த இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை ஒவ்வொரு வீட்டுக்காரரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தெருக்குழாயிலும் இதே ஆபத்து உண்டு. தண்ணீர் விடும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால் ஓட்டை வழியே தண்ணீர் வெளியே போகும். நிறுத்திய பின் குழாய் காலியாகி, அதே ஓட்டை வழியே சுற்றியுள்ள அழுக்கு நீரை உள்ளே இழுக்கும். அடுத்த முறை வரும் முதல் சில நிமிடத் தண்ணீரில் கலங்கலும் வாடையும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சம்ப்புக்கு முன்னால் ஒரு டீ இணைப்பும் குழாயும் வைத்து முதல் தண்ணீரைச் செடிக்கோ கழுவுவதற்கோ பிடித்துக்கொள்வது சிறிய செலவில் பெரிய பாதுகாப்பு. தெருக்குழாயில் நேரடியாக மோட்டர் பூட்டி இழுப்பவர்கள் சட்டத்தை மீறுவதோடு, அந்த அழுக்கையும் தெரு முழுவதற்குமாக இழுத்துவிடுகிறார்கள்.

சம்ப்புக்குள் இருக்கும் மிதவை வால்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல பகுதிகளில் தண்ணீர் நள்ளிரவிலோ விடியற்காலையிலோதான் வருகிறது. மிதவையின் கை வளைந்திருந்தால், பந்துக்குள் தண்ணீர் ஏறியிருந்தால், வாஷர் தேய்ந்திருந்தால், சம்ப் நிரம்பி வழிந்து தெருவில் ஓடும். வீட்டில் எல்லோரும் உறங்கிக்கொண்டிருப்பார்கள். ஆறு மாதத்துக்கொரு முறை சம்ப்பைக் கழுவும்போது மிதவையைக் கையால் தூக்கிப் பார்த்தாலே போதும். தண்ணீர் முழுக்க நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். மாடி டேங்க்கிலும் சம்ப்பிலும் தண்ணீர் மட்டத்தை உணரும் தானியங்கிக் கருவி வைத்துவிட்டால், மாடி டேங்க் நிரம்பி வழிவதும், சம்ப் வறண்ட பின்னும் மோட்டர் ஓடிக் கருகுவதும் இரண்டும் நிற்கும்.

வீட்டுக்குள் வருவோம். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 1172 ஒரு நகரவாசிக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைக்கிறது. அதன் பரவலான பிரிவினை இது: குளிக்க 55, கழிப்பறைக்கு 30, துணி துவைக்க 20, பாத்திரம் கழுவ 10, வீடு துடைக்க 10, சமைக்க 5, குடிக்க 5. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 540 லிட்டர். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு ஃப்ளஷ் டேங்க்கைப் பாருங்கள். வீட்டில் அதிகம் ஒழுகுவதும், கவனிக்கப்படாமல் போவதும் அதுதான். சமையலறைக் குழாய் சொட்டினால் சத்தம் கேட்கும். ஃப்ளஷ் டேங்க்கின் அடியில் உள்ள ரப்பர் வாஷர் தேய்ந்தால், தண்ணீர் கோப்பையின் பின்சுவரை ஒட்டிக் கண்ணாடித் தகடுபோல இறங்கும். பார்வைக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி ஒழுகுகிறது என்று வையுங்கள். ஒரு நாளில் 288 லிட்டர். நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் தேவையில் பாதிக்கு மேல். மாதத்தில் 8,600 லிட்டரைத் தாண்டும்.

இதைக் கண்டுபிடிக்கத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் போதும். ஃப்ளஷ் டேங்க்கின் மூடியைத் தூக்கிப் பத்துச் சொட்டு விடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் வாஷரை மாற்றும் நேரம் வந்துவிட்டது. டேங்க்கின் உள்ளே நடுவில் நிற்கும் வழிவுக் குழாயின் வாய் வரை தண்ணீர் ஏறி நின்றால், பழுது மேலே உள்ள மிதவையில். இரண்டுக்குமான பாகங்கள் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். சுவரோரம் உள்ள ஆங்கிள் காக்கை மூடத் தெரிந்தவர் யாரும் இந்த வேலையைத் தாமே செய்யலாம். ஆனால் அந்த ஆங்கிள் காக் பல வீடுகளில் வருடக்கணக்கில் திருகப்படாமல் இறுகிப் போயிருக்கிறது. அவசரத்துக்குத் திருகினால் கையோடு வந்துவிடும். ஆகவே வீட்டில் உள்ள எல்லா வால்வுகளையும் மூன்று மாதத்துக்கொரு முறை மூடித் திறப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மாடி டேங்க்கின் அடியில் உள்ள வால்வுகளில் எது எந்தக் குளியலறைக்கு, எது சமையலறைக்கு என்று பெயின்ட்டால் எழுதிவைப்பதும் இதே வகை வேலைதான். குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சும்போது அந்த எழுத்துதான் காப்பாற்றும்.

பழைய திருகுக் குழாய்கள் சொட்டுவதற்கு நாமே பெரும்பாலும் காரணம். போர்வெல் மணல் துகள் வாஷருக்கும் அது அமரும் பித்தளை விளிம்புக்கும் இடையில் சிக்குகிறது. சொட்டுகிறதே என்று இன்னும் இறுக்குகிறோம். துகள் பித்தளையில் கோடு கிழிக்கிறது. பிறகு எத்தனை புது வாஷர் போட்டாலும் அந்தக் கோட்டின் வழியே சொட்டும். முதல் சொட்டிலேயே வாஷரை மாற்றியிருந்தால் குழாய் பிழைத்திருக்கும். கால் திருப்பில் திறக்கும் புதிய குழாய்களில் வாஷருக்குப் பதில் பீங்கான் தகடுகள். அவற்றைப் பழுது பார்ப்பதில்லை; உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜை மொத்தமாக மாற்ற வேண்டியதுதான்.

குழாய் எதனால் ஆனது என்ற கேள்விக்கு வீட்டின் வயதைப் பொறுத்துப் பதில் மாறும். ஹலசூரு, சிவாஜிநகர், ஆஸ்டின் டவுன் போன்ற பழைய கன்டோன்மென்ட் பகுதிகளில், தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் வீடுகளில், இன்னும் ஜி.ஐ. பைப்புகள் இருக்கின்றன. வெளியே பூசிய பெயின்ட் பளிச்சென்று இருக்கும். உள்ளே துரு ஏறி, முக்கால் அங்குலக் குழாயின் வழி ஒரு விரல் நுழைய முடியாத அளவுக்குச் சுருங்கியிருக்கும். தண்ணீர் வேகம் இல்லை என்று பெரிய மோட்டர் வாங்குவது இங்கே வீண். அழுத்தம் கூடினால் துருப்பிடித்த குழாய் உடையும். அப்படிப்பட்ட வீட்டில் சுவரை மொத்தமாக இடிக்காமல், பழைய லைனை அப்படியே செத்துப்போக விட்டுவிட்டு, வெளிச்சுவரில் புது லைன் போடுவதே நல்ல வழி என்பது என் தீர்மானம். பார்வைக்கு அழகில்லை. ஆனால் பழுது வந்தால் கைக்கெட்டும்.

புது வீடுகளில் சி.பி.வி.சி. வெந்நீரையும் தாங்கும். பி.வி.சி. தாங்காது. இரண்டுக்கும் வெயில் ஆகாது. மொட்டை மாடியில் திறந்து கிடக்கும் பிளாஸ்டிக் குழாய் சில வருடங்களில் நொறுங்கும் தன்மை அடைகிறது. வெளிர் நிற பெயின்ட் அடித்தால் ஆயுள் கூடும். பிளாஸ்டிக் மரையில் டெஃப்லான் டேப் சுற்றிக் கையால் இறுக்கி, ஸ்பேனரில் சற்றே திருப்பினால் போதும். சணலும் ஜி.ஐ. பைப்பும் பழகிய கை அதை இரும்பென்று நினைத்து இறுக்கும்போது மரை கீறுகிறது. அன்றைக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்துச் சுவரில் ஓதம் காட்டும்.

காவிரித் தண்ணீர் மென்மையானது. போர்வெல் தண்ணீரும் லாரித் தண்ணீரும் அப்படியல்ல. குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு வழியில்லாதபோது 600-ஐ எல்லையாகவும் வைக்கிறது. இரண்டு தண்ணீரையும் ஒரே சம்ப்பில் கலப்பவர்களுக்குக் காவிரியின் நன்மை கிடைப்பதில்லை. இடமிருந்தால் தனித் தனி டேங்க் வைத்து, கீசருக்கும் சமையலறைக்கும் காவிரியை மட்டும் விடலாம். கீசரின் காயில் மேல் வெள்ளைக் காரை படிந்தால் மின்சாரச் செலவு கூடி, காயில் சீக்கிரம் போகும். கீசரில் உள்ள பாதுகாப்பு வால்விலிருந்து சில சொட்டுகள் விழுவதைப் பார்த்து அதை அடைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளே அழுத்தம் மிஞ்சும்போது தொட்டி வெடிக்காமல் காப்பது அந்த வால்வுதான்.

தண்ணீர் வேகம் பற்றிய புகார் மேல்தளத்தில் எப்போதும் இருக்கும். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. மாடி டேங்க்கின் அடிக்கும் குளியலறை ஷவருக்கும் இடையில் மூன்று மீட்டர் என்றால் 0.3 பார்தான் கிடைக்கும். டேங்க்கை இன்னும் ஒரு மீட்டர் உயர்த்தலாம், குழாய் விட்டத்தைக் கூட்டலாம், வளைவுகளைக் குறைக்கலாம். பிரஷர் பம்ப் கடைசி வழி. அது நல்ல வேகம் தரும்; ஆனால் ஒவ்வொரு குழாயிலும் வெளியேறும் தண்ணீரின் அளவையும், ஒவ்வொரு இணைப்பின் மீதான அழுத்தத்தையும் கூட்டும். டேங்க் ஒருமுறை காலியான பின் ஒரு குளியலறையில் மட்டும் தண்ணீர் வராவிட்டால், குழாயின் மேடான பகுதியில் காற்று அடைத்திருக்கிறது. தண்ணீர் நன்றாக வரும் குழாயையும் வராத குழாயையும் ஒரு ஓஸால் இணைத்து இரண்டையும் திறந்தால், தண்ணீர் எதிர்த் திசையில் ஏறிக் காற்றைத் தள்ளிவிடும். டேங்க்கின் வெளிவாயில் ஒரு காற்றுக் குழாய் வைத்திருந்தால் இந்தத் தொல்லை குறையும்.

2024 மார்ச் மாதத்தை இந்த ஊர் மறக்கவில்லை. போர்வெல்கள் ஆயிரக்கணக்கில் வறண்டன. கார் கழுவவும் தோட்டத்துக்கும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று வாரியம் அறிவித்தது. மாவட்ட நிர்வாகம் டேங்கர் லாரி விலையைக் கட்டுப்படுத்தி, ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய், 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. ஹோட்டல்கள், அலுவலகங்கள், அடுக்குமாடிகள் எல்லாம் குழாய் முனையில் ஏரேட்டர் பொருத்த வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. தண்ணீரோடு காற்றைக் கலந்து விடும் அந்தச் சிறு வலை உண்மையிலேயே பயன் தருவது. கை கழுவும் இடத்தில் பாதிக்கு மேல் மிச்சமாகும். ஆனால் வாளி நிரப்பும் குழாயில் அதனால் பயனில்லை. போர்வெல் தண்ணீர் வரும் வீட்டில் மாதம் ஒருமுறை கழற்றி வினிகரில் ஊறப்போடாவிட்டால் அடைத்துக்கொள்ளும். அந்த உத்தரவோடு, ஒவ்வொரு வீட்டிலும் ஃப்ளஷ் டேங்க் சோதனையையும் சம்ப் சோதனையையும் வாரியம் இயக்கமாக நடத்தியிருந்தால் இன்னும் அதிகம் மிஞ்சியிருக்கும் என்று நினைக்கிறேன். மீட்டர் பார்க்க வருபவர் கையில் ஒரு துண்டுத் தாள் கொடுத்தனுப்பினாலே போதுமே.

மழைநீர் பற்றி 2009-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. 2,400 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் இருக்கும் பழைய கட்டடங்களும், 1,200 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் புதிதாகக் கட்டுபவையும் மழைநீரைச் சேமித்தாக வேண்டும். பெங்களூரின் ஆண்டு மழை ஏறக்குறைய 970 மில்லிமீட்டர். 1,200 சதுர அடிக் கூரையில் விழுவதில் ஐந்தில் நான்கு பங்கு பிடித்தாலும் 86,000 லிட்டர். நால்வர் குடும்பத்துக்கு ஐந்து மாதத்துக்கு மேல் வரும். இதைப் பிடிக்காதது ஒரு தவறு. அதைவிடப் பெரிய தவறு, மாடி மழைநீர்க் குழாயைச் சாக்கடை சேம்பரில் இணைப்பது. பல வீடுகளில் இது நடந்திருக்கிறது. கழிவுநீருக்கென்று போட்ட குழாயில் மழை வெள்ளம் புகுந்தால், தாழ்வான தெருவில் மேன்ஹோல் பொங்கி, யாரோ ஒருவரின் தரைத்தளக் குளியலறைக்குள் ஏறும்.

அடைப்பு என்றதும் ஆளைக் கூப்பிட்டுச் சேம்பருக்குள் இறக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013-ன் சட்டம் இதைத் தடை செய்கிறது. அந்தச் சட்டத்துக்காகப் போராடியவர்களில் முதன்மையான பெஜவாடா வில்சன், பெங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலில் பிறந்தவர். சேம்பரின் விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். மூடிக்கிடந்த சம்ப்பும்கூடப் பிராணவாயு குறைந்து உயிரைப் பறிக்கக்கூடும். சம்ப்பின் மூடியைத் திறந்துவைத்து நன்றாகக் காற்றாடவிடாமலும், வெளியே ஒருவர் நிற்காமலும் யாரையும் உள்ளே இறக்கக்கூடாது. தெருச் சாக்கடை அடைப்புக்கு வாரியத்தின் 1916 எண் இருக்கிறது. இயந்திர வண்டி வரும்.

இனி இந்த வேலைகளைச் செய்பவர்களைப் பற்றி. பெங்களூரின் கட்டட வேலைகளில் பிளம்பர்கள் பலர் ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்துக்காரர்கள். தலைமுறைகளாகப் பிளம்பிங் செய்யும் மாவட்டம் அது. அங்குள்ள பட்டாமுண்டையில் இத்தொழிலுக்கென்றே அரசுப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வேலை தெரிந்தவர்கள். ஆனால் கட்டடம் முடிந்ததும் அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுகிறார்கள். எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்ற அறிவும் அவர்களோடு போய்விடுகிறது. பிறகு வருபவர் ஊகித்துத்தான் உடைக்க வேண்டும். ஒரு கசிவுக்காக ஒன்பது டைல்ஸ் உடைப்பது இதனால்தான்.

புதிதாக வீடு கட்டுபவர்களையும் குளியலறையைப் புதுப்பிப்பவர்களையும் கேட்டுக்கொள்வது இது. சுவரைப் பூசுவதற்கு முன், ஒவ்வொரு குழாயையும் அளவுகோலை அருகில் வைத்துப் போட்டோ எடுங்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், குழாய்களின் முனைகளை அடைத்து, கை பம்ப்பால் வழக்கமான அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு ஏற்றி, ஒரு நாள் முழுக்க முள் இறங்காமல் நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள். இந்தப் போட்டோக்களும் சோதனையின் முடிவும் கைக்கு வராமல் ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.